படுதாக்காரர்

கம்பியில் இரும்பு வளையங்கள் ஓடுகிற சத்தம் இருக்கிறதே, அது ஒரு முனையில் கிர்ரென்று கிளம்பி மறுமுனையில் டங்கென்று முட்டி நிற்கும். போன மாதம் குமணன்சாவடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கை கழுவும் இடத்தில் குனிந்திருந்தபோது பின்னால் அந்தச் சத்தம். பந்தி நடக்கிற கூடத்துக்கும் பாத்திரம் தேய்க்கிற பெண்களுக்கும் நடுவே யாரோ திரையை இழுத்துவிட்டார்கள். நடந்தது அவ்வளவுதான். நான் குழாயை மூட மறந்து நின்றேன். பின்னால் காத்திருந்தவர், "சார், தண்ணி போவுது" என்றார். போகட்டும் என்றிருந்தது. பதினைந்து வருஷம் அந்த வளையங்களோடு சேர்ந்து ஓடி வந்து என் முதுகில் முட்டியிருந்தது.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெண்களுக்கு அவர் பந்தலு அண்ணே. என் வயதுக்காரர்களுக்கு அண்ணாத்தே. மேனாம்பேட்டுக்குப் பின்புறம், ஏரிக்கரையை ஒட்டி, நாற்பது வீடுகள் கொண்ட எங்கள் தெருவின் முனையில் அவருடைய தகரக் குடோன். சவுக்குக் கால்கள், ஷாமியானா, நாற்காலிகள், அண்டாக்கள், தேங்காய் நார்க் கயிறு. அவற்றுக்கு நடுவே ஒரு கட்டில் அகலத்துக்கு இடம் விட்டு அவரும் அங்கேயே படுத்துக்கொள்வார். ஒல்லி. தோளில் சவுக்குக்கால் தூக்கித் தூக்கிக் காய்த்துப் போன ஒரு மேடு. சட்டைப்பையில் எப்போதும் நூல் கோத்த கோணி ஊசி. நெஞ்சில் குத்தாதா அண்ணாத்தே என்று கேட்டால், "குத்தும். குத்துனாத்தான் கீதுன்னு தெரியும்" என்பார்.

பந்தல்காரர்கள் முதலில் கூரையைப் போடுவார்கள். இவர் முதலில் படுதாவைக் கட்டுவார். படுதா என்றால் பந்தலின் பக்கவாட்டில் தொங்குகிற துணி. வெயில் பட்டுச் சாயம் போனது, ஓரத்தில் வளையம் வைத்துத் தைத்தது. கல்யாண வீட்டில் மணப்பந்தலைப் பற்றி எல்லாரும் பேசிக்கொண்டிருக்கும்போது, இவர் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து, பெண்ணின் அப்பாவிடம் மெதுவாகக் கேட்பார். "நைனா, கொயந்தைக்குப் பால் குடுக்கறவங்க எங்க குந்துவாங்க? பொண்ணு சீலை மாத்தறது எங்க? அங்க ஒரு படுதா வேணும்." அப்பாக்கள் அதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார்கள். வாடகையில் இவர் அதைச் சேர்க்கவும் மாட்டார்.

"மேல் துணி வெய்யிலுக்கு. படுதா மனுசனுக்கு."

இதை அவர் தத்துவமாகச் சொன்னதில்லை. கயிறை இறுக்கும்போது பல்லுக்கிடையில் முனையைக் கடித்துக்கொண்டு சொல்வார். பாதி வார்த்தை கயிறோடு போய்விடும்.

கள்ளிக்குப்பத்தில் ஒரு சாவு. இறந்தவரின் மகன் பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன், ஆள் மலை மாதிரி. காலையிலிருந்து எல்லாரையும் விரட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்தார். பாடையில் வைக்கிற நேரத்தில் அவருக்குள் எதுவோ உடைந்தது. வாய் கோணி, மூக்கு ஒழுகி, குழந்தை மாதிரி ஒரு சத்தம். அவரிடம் வேலை பார்க்கிறவர்கள் இருபது பேர் அங்கே நின்றிருந்தார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். இவர் எங்கிருந்தோ ஒரு படுதாவை இழுத்துக்கொண்டு வந்தார். ஒரு முனையை என் கையில் கொடுத்தார், மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டார். அந்த மனிதரைச் சுற்றி ஒரு சின்ன அறை உண்டாகிவிட்டது. "அயுதுட்டு வா தம்பி. அவசரம் இல்ல" என்று துணிக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னார். என் கை வலித்தது. மாற்றிப் பிடிக்கலாமா என்று சைகையில் கேட்டேன். முறைத்தார்.

இன்னொன்று. கல்யாண வீடுகளில் கடைசிப் பந்திக்கும் கடைசியாக, கூப்பிடாமல் சிலர் வருவார்கள். சுவரோரமாக நிற்பார்கள். மிச்சச் சோறு கிடைக்கும். அவர்களுக்காகவே சமையல் கட்டுக்குப் பின்னால் ஒரு மூலையை மறைத்து, பெஞ்சு போட்டு வைத்திருப்பார். வீட்டுக்காரர்களுக்கே தெரியாது. ஒருமுறை நான் எட்டிப் பார்க்கப் போனேன். "இன்னாத்துக்குப் பாக்கற? துன்றத பாத்தா உனுக்கு வயிறு ரொம்புமா?" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

அப்போது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் டைப் அடித்துக்கொடுக்கும் வேலை. தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். கவிதை எழுதுகிறவன் என்றும் ஒரு பேச்சு இருந்தது. அதற்காக யாரும் வந்ததில்லை.

கூரைப் பந்தலுக்கான தென்னங்கீற்றுகளை அவர் ஏரிக்குள்தான் அடுக்கி வைப்பார். காய்ந்து நொறுங்காமலிருக்க, குடம் குடமாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். அதனால் அடுக்கு எப்போதும் தண்ணீரை ஒட்டியே இருக்கும். மாசி பங்குனியில் தண்ணீர் உள்வாங்க உள்வாங்க, அடுக்கும் அதன் பின்னாலேயே ஏரிக்குள் போகும். வருஷா வருஷம் அப்படித்தான். அந்த வருஷம் அடுக்கு நகரவில்லை. தண்ணீர் எங்கோ போய்விட்டது. நடுவில் இடுப்புயரக் கோரையும் சம்பும் காய்ந்து நின்றன. அதற்கு இப்பால் வெறும் மண்ணாக ஒரு இருபது தப்படி. அந்த மண்ணில், எங்கள் வீடுகளுக்குப் பின்னால், அந்தக் கீற்று அடுக்கு ஆளுயரத்துக்குச் சுவர் மாதிரி அப்படியே நின்றது.

சித்திரை மாதம், பகல் ஒரு மணி. அன்று எனக்கு லீவு. ஏரியின் அக்கரையில் யாரோ குப்பைக்கு வைத்த நெருப்பு கோரையில் இறங்கியிருந்தது. அது வருவதைப் பார்த்துக்கொண்டேதான் நின்றோம். ஏரி முழுக்கப் படபடவென்று வெடித்துக்கொண்டு வந்தது. வெறும் மண்ணுக்கு வந்ததும் திணறியது. உட்கார்ந்தது. "அவ்ளோதான், அணைஞ்சிடும்" என்று யாரோ சொன்னார்கள். அப்போது காற்று ஒரு முறை திரும்பியது. கீற்று அடுக்கின் மேல்முனையில் ஒரு பொறி. நான் பார்த்தேன். பிறகு அந்த அடுக்கே எழுந்து நின்ற மாதிரி இருந்தது. எரிகிற கீற்றுகள் ஒவ்வொன்றாகக் கழன்று, பறவை மாதிரி, ஆமாம், பறவை மாதிரிதான், எங்கள் கூரைகளின் மேல் வந்து உட்கார்ந்தன.

உயிர்ச்சேதம் இல்லை. பகல் என்பதால் தப்பித்தோம். ஆடுகள் போயின. கோழிகள் போயின. தெருவுக்கே ரவிக்கை தைத்துக்கொடுக்கும் எலிசபெத் அக்காவின் தையல் மிஷின் கறுத்த எலும்புக்கூடாக நின்றது. தீயணைப்பு வண்டி தெருவுக்குள் திரும்ப முடியாமல் முனையிலேயே நின்று குழாயை நீட்டியது. நாற்பது வீட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தகரக் குடோன் மட்டும் சூடேறி நின்றது.

அவர் அன்றைக்கு ஆவடியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். சாயங்காலம் மீன்பாடி வண்டி நிறையச் சிவப்பு மஞ்சள் ஷாமியானாவோடு வந்து இறங்கினார். தெருவைப் பார்த்தார். பிறகு வீடுகளைத் தாண்டி ஏரிப் பக்கம் நடந்துபோய், கீற்று அடுக்கு இருந்த இடத்தில் சாம்பலைக் காலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். வெகுநேரம். நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை.

எங்களை மாநகராட்சிப் பள்ளியில் தங்க வைத்தார்கள். கோடை விடுமுறை. நாலு வகுப்பறை, நாற்பது குடும்பம். மறுநாள் காலையில் நான் கண் விழித்தபோது வகுப்பறை வகுப்பறையாக இல்லை. குறுக்கும் நெடுக்கும் கம்பி ஓடியது. கம்பியில் வளையம், வளையத்தில் படுதா. குடும்பத்துக்கு ஒரு தடுப்பு. தெருவில் யார் பக்கத்தில் யார் இருந்தார்களோ அதே வரிசை. மைதானத்தில் கல்யாண ஷாமியானா. தூரத்திலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடத்தில் ஏதோ விசேஷம் என்றுதான் தோன்றும்.

அந்த மூன்று வாரத்தில் எத்தனை பேர் வந்தார்கள். மாதா கோயிலிலிருந்து அரிசி வந்தது. பஜனைக் கோயில் தெருக்காரர்கள் அண்டாவோடு சாம்பார் தூக்கி வந்தார்கள். டாக்டர்கள் வந்து தீக்காயத்துக்கு மருந்து போட்டார்கள். எரிந்துபோன ரேஷன் கார்டுக்கும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்கும் நகல் கேட்டு நான் மனு எழுதியபடியே இருந்தேன். பழைய துணி மூட்டை மூட்டையாக வந்தது. அதை மைதானத்தில் கொட்டினார்கள். பெண்கள் சுற்றி நின்றார்கள், ஆனால் யாரும் குனியவில்லை. குனிந்து பொறுக்குவதை எல்லாரும் பார்ப்பார்களே.

இவர் அத்தனையையும் வாரிக்கொண்டு போய், தலைமை ஆசிரியர் அறைக்குப் பக்கத்தில் கயிறு கட்டி, கடை மாதிரித் தொங்கவிட்டார். கல்யாண வாடகைச் சாமான்களிலிருந்து ஒரு ஆளுயரக் கண்ணாடி. வாசலில் படுதா. "ஒவ்வொர்த்தரா போங்க. எடுக்கறவங்க எடுங்க, புடிக்கலன்னா வெறுங்கையோட வாங்க. நான் திரும்பிக்கினு நிக்கறேன்." கொத்தனார் முருகேசன் உள்ளே போய்ச் சரிகை வைத்த ஷெர்வானியோடு வெளியே வந்தார். அதைப் போட்டுக்கொண்டே மறுநாள் சித்தாள்களோடு வேலைக்குப் போனார். "இன்னா மாமே, மாப்ள ஊட்டுக்கா?" என்று தெருவே கத்தியது. தீக்குப் பிறகு நாங்கள் எல்லாரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய மனிதர் பிரியாணிப் பொட்டலங்களோடும் போட்டோகிராபரோடும் வந்தார். "வரிசையா நில்லுங்கம்மா, கையை நீட்டுங்க, இங்க பாருங்க." கேமரா தயாராகும் நேரத்தில் கிர்ர். நடுவில் ஒரு படுதா.

"யோவ், இன்னாய்யா இது?" என்றார் பெரிய மனிதர்.

"வெய்யில் அடிக்குது சார், அவுங்க மூஞ்சில."

"போட்டோ எடுக்கணும்யா!"

"எடுங்க சார். படுதாவ எடுங்க. புதுத் துணி. போன மாசந்தான் தெச்சது."

அந்தப் போட்டோவில் பெரிய மனிதர் ஒரு பூப்போட்ட துணிக்கு முன்னால் பொட்டலத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அவருக்கு எதிரில் யாருமில்லை. பொட்டலத்தை வாங்க அடியில் ஒரு வளைக்கை மட்டும் நீண்டிருக்கிறது. அது எலிசபெத் அக்காவின் கை. "இத்தினி வயசுக்கு என் கையைத்தான் பேப்பர்ல போட்டானுங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

எல்லாரும் அவரை வாழ்த்தினார்கள். கிழவிகள் அவர் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். சாப்பாட்டில் அவர் கைவைத்துப் பல நாள் ஆகியிருந்தது. டீ, பீடி, டீ.

பத்தாவது நாள் என்று நினைக்கிறேன். மறுநாள் காலை ஆர்.ஐ. வருகிறார் என்று செய்தி. ஆர்.ஐ. என்றால் வருவாய் ஆய்வாளர். தீ எப்படிப் பரவியது என்று விசாரித்து அவர் எழுதுகிற அறிக்கையை வைத்துத்தான் எங்களுக்கு மாற்று வீடு. சாயங்காலம் நான் ஷாமியானா ஓரத்தில் உட்கார்ந்து மனுக்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் வந்து எதிரில் குந்தினார்.

"நைனா, எனக்கு ஒண்ணு எய்தணும்."

"என்ன அண்ணாத்தே, உனக்கும் வீடா?"

"கோரைல வந்த நெருப்பு மண்ணுலயே நின்னுடுச்சி. என் கீத்துதான் புட்ச்சிக் குட்துச்சு. அப்பிடி எய்து. கீய நான் ரேகை வெக்கறேன்."

பேனாவை மூடினேன். "நீ அப்ப இங்க இல்லவே இல்லியே."

"நீ இருந்த இல்ல? நீ பாத்த. உன் மூஞ்சில எயுதி ஒட்டிக்கீது."

 நிதானமாகச் சொல்லிப் பார்த்தேன். "இதை எழுதினா இது கேஸு அண்ணாத்தே. அஜாக்கிரதைன்னு உன்னை உள்ள வெப்பாங்க. கேஸ் முடியற வரைக்கும் நாப்பது குடும்பத்துக்கும் வீடு கெடைக்காம நிக்கும்."

அவருக்கு அது தோன்றியிருக்கவில்லை. பீடியை விரலுக்கிடையில் உருட்டினார். "அப்ப அவுங்குளுக்குத் தனியா எய்து. எனுக்குத் தனியா எய்து."

"ஒரே நெருப்பு அண்ணாத்தே. ரெண்டா எப்பிடி எழுதறது?"

"நீதான் கவிதல்லாம் எய்தறவனாச்சே."

சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. "அதுங்க என் கன்னத்தை வயிக்குதுங்க. நெருப்பு வெச்சவன் மூஞ்சியத் தொட்டு நெட்டி முறிக்குதுங்க. எனக்குத் தொண்டைல ஒண்ணும் எறங்கல நைனா."

"சரி, அடுக்கை ஏன் இந்த வருஷம் நகத்தாம விட்ட?"

அவர் எழுந்துவிட்டார். "வுட்டேன். அவ்ளோதான். சோம்பேறித்தனம்னு எய்திக்கோ."

எழுதினேன். எழுதாமலிருக்க எனக்குத் திராணியில்லை. அவர் சொன்ன மாதிரியே, சோம்பேறித்தனம் உட்பட எழுதி, ரேகையும் வாங்கி, மனுக்கட்டின் அடியில் செருகிவிட்டேன். நாளைக்குக் கொடுப்பதா கிழிப்பதா என்று நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

என் மனைவி செல்வி அதை எடுத்துப் படித்தாள். படித்துவிட்டு மடித்தாள். "அவுரு சோம்பேறியா?" என்றாள்.

"அவர் அப்படித்தான் சொன்னார்."

"அக்கரைல புதுசா அடுக்குமாடி கட்டுனாங்களே, எல்லா மாடிலயும் பால்கனி வெச்சி. தெரியுமா?"

"அதுக்கு என்ன இப்போ?"

"நம்ம நாப்பது ஊட்டுல எதுக்கு கக்கூஸ் கீது?"

எதற்கும் இல்லை. நான் பஸ் ஸ்டாண்டில் இருக்கிற கட்டணக் கழிப்பறைக்குப் போகிறவன். ஆண்களுக்கு ஊர் முழுக்க இடம்.

"தண்ணி இருக்கறப்ப கோரை மறைக்கும். தண்ணி வத்தி, கோரையும் காஞ்சி கொறைஞ்சி, அக்கரைல வெளிச்சமும் வந்தப்புறம் நாங்க எங்க போறது? அந்தக் கீத்து அடுக்குக்குப் பின்னாலதான். அதை நகத்தப் போறேன்னு அவரு கயித்தோட வந்தாரு. நாங்கதான் போயிச் சொன்னோம், எலிசபெத் அக்கா, நானு, இன்னும் நாலு பேரு. அண்ணே, மழை வர்ற வரைக்கும் அது அங்கியே இருக்கட்டும்னு. ஏன்னுகூட கேக்கல. தலையைக் குனிஞ்சிக்கினு கயித்தை சுருட்டிக்கினு போய்ட்டாரு."

அவள் காகிதத்தை என்னிடம் திருப்பித் தரவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டு பெண்கள் பக்கம் போய்விட்டாள். அங்கே படுதாக்களுக்குப் பின்னால் என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் ஆர்.ஐ. ஒரு கான்ஸ்டபிளோடு வந்தார். பெரியவர், கண்ணாடி, கொஞ்சம் ஆஸ்துமா. ஷாமியானாவுக்குக் கீழே மேசை. ஆண்கள் இந்தப் பக்கம். பெண்கள் அந்தப் பக்கம், படுதாவை ஒட்டி. அவர் பெயர்களையெல்லாம் சரிபார்த்துவிட்டு, சம்பிரதாயமாக, நிமிராமல் கேட்டார். "தீ எப்படிப் பரவிச்சு?"

"சார்," என்று இவர் முன்னால் வந்துவிட்டார். இடுப்பில் எப்போதும் சுற்றியிருக்கும் கட்டுக்கயிறைக்கூட அவிழ்த்து வைத்திருந்தார், இப்போதே கூட்டிப்போய்விடுவார்கள் என்பது போல. "சார், என் கீத்து அடுக்கு ஒண்ணு..."

"யோவ் பந்தலு, நீ சும்மா இரு." எலிசபெத் அக்கா எழுந்து நின்றாள். அறுபதைத் தொடப்போகிறவள், கட்டையான உருவம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற மாதிரித் தலையில் முக்காடு. "சார், அந்தக் கீத்து நாங்க வெக்கச் சொன்னது."

ஆர்.ஐ. நிமிர்ந்தார். "எந்தக் கீத்தும்மா?"

அவள் சொன்னாள். பால்கனியைச் சொன்னாள். கோரையைச் சொன்னாள். விடியலுக்கு முன்னாலும் இருட்டிய பின்னாலும் மட்டும் போய்வந்த இருபது வருஷத்தைச் சொன்னாள். போகாமலிருக்க மத்தியானம் தண்ணீர் குடிக்காமல் மிஷின் மிதித்ததைச் சொன்னாள். அங்கே நாற்பது வீட்டு ஆண்களும் நின்றிருந்தோம். கேட்கக் கேட்க எங்கள் தலை ஒவ்வொன்றாகத் தாழ்ந்தது. அவள் குரல் ஒரு இடத்தில் நடுங்கியது. அப்போது கிர்ரென்று வளையச் சத்தம். இவர் கை தானாகவே மேலே போயிருந்தது. அவளுக்கும் எங்களுக்கும் நடுவில் படுதாவைப் பாதி இழுத்துவிட்டார்.

அக்கா துணியைப் பிடித்து நிறுத்தினாள்.

"வுடுய்யா. இன்னிக்கி தொறந்தே கெடக்கட்டும்."

அவர் கை கம்பியிலேயே நின்றது. பிறகு இறங்கியது. செல்வி எழுந்தாள். மற்ற பெண்களும் எழுந்தார்கள்.  நின்றார்கள், அவ்வளவுதான்.

ஆர்.ஐ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை நான் எப்படிம்மா எழுதறது?"

"சொன்னா மாதிரியே எய்து சார். தமிழ்லதானே சொன்னேன்."

கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். ஆர்.ஐ. சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடினார். எழுதினார். எழுதியதைச் சத்தமாகப் படித்தும் காட்டினார்: ஏரியில் காய்ந்த கோரையில் பற்றிய தீ, பலத்த காற்றால் குடிசைகளுக்குப் பரவியது, இப்பகுதியில் கழிப்பிட வசதி ஏதும் இல்லை. கீற்று அதில் இல்லை. கடைசி வரியை அவரிடம் யாரும் கேட்கவில்லை. இரண்டு நாளில் முகாமுக்குச் சக்கரம் வைத்த கழிப்பறை வண்டி ஒன்று வந்து நின்றது. அதன் வாசலிலும் ஒரு படுதா கட்டப்பட்டது. கட்டியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவர்தான் நினைக்கவில்லை. அன்றிலிருந்து பெண்கள் வந்தால் எழுந்து வேறு பக்கம் போய்விடுவார். செல்வி சோறு எடுத்துக்கொண்டு போனாள். வாங்கிக்கொண்டார், முகம் பார்க்கவில்லை. எலிசபெத் அக்காவுக்குக் கோயில்காரர்கள் ஒரு பழைய தையல் மிஷின் வாங்கிக்கொடுத்தார்கள். அவள் முதலில் தைத்தது இவருடைய கிழிந்த படுதாக்களைத்தான். தைத்து மடித்துக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். "ஜெயிலுக்குப் போயிருந்தா என் தண்டனை என்னோட முடிஞ்சிருக்கும் நைனா," என்று என்னிடம் சொன்னார். "அத்தினி ஆம்பளைங்க எதிர்ல அந்தம்மாவ நிக்க வெச்சி அதைச் சொல்ல வெச்சிட்டேனே."

அப்படியில்லை அண்ணாத்தே, அக்காவுக்கு அது வெட்கமில்லை, அதற்குப் பிறகு அவள் நடையே மாறிவிட்டது, பார்க்கவில்லையா என்றேன். அவர் பார்த்திருப்பார். அவருக்கு அது புரிகிற வயது தாண்டிவிட்டிருந்தது. அல்லது எனக்குத்தான் அவரைப் புரியவில்லையோ. இப்போது அவருடைய அன்றைய வயதை நெருங்கிவிட்டேன். இன்னும் முடிவு செய்ய முடியவில்லை.

ஆவடியைத் தாண்டி எங்களுக்கு அடுக்குமாடி வீடுகள் ஒதுக்கினார்கள். பட்டியலில் அவர் தன் பெயரைச் சேர்க்க விடவில்லை. குடோன் எரியவில்லையே, நான் எதை இழந்தேன் என்றார். பின்னாளில் அவரைப் பூந்தமல்லிப் பக்கம் ஒரு சாவு வீட்டில் பார்த்ததாக முருகேசன் சொன்னார். நான் தேடிப் போனபோது குடோன் இருந்த இடத்தில் டயர் கடை. அவரை நான் கடைசியாகப் பார்த்தது, நாங்கள் லாரியில் ஏறிய அந்தக் காலையில்தான்.

சாமான் என்று பெரிதாக ஒன்றுமில்லை. கொடுத்த பாய்கள், கொடுத்த பாத்திரங்கள், தையல் மிஷின். அவரே எல்லாவற்றையும் ஏற்றிக் கயிறு கட்டினார். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். செல்வி லாரியிலிருந்து, "அண்ணே, வந்துடுங்க, எங்ககூடயே இருந்துடலாம்" என்றாள். கேட்காத மாதிரிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எலிசபெத் அக்கா கையை மட்டும் ஆட்டினாள். டிரைவர் ஹாரன் அடித்தார். நான் ஏறப் போனேன். அவர் என் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"நைனா, நீ போய்ப் பாத்துட்டு வந்த இல்ல, அந்த ஊட்டை?"

"பாத்தேன் அண்ணாத்தே. மூணாவது மாடி. காத்து வருது."

"காத்து கெடக்கட்டும். பாத்ரூம் ஊட்டுக்குள்ளயே கீதா?"

"உள்ளயே கீது."

"கதவு?"

"தகரக் கதவு. கெட்டியாத்தான் கீது."

குரலைத் தாழ்த்திக்கொண்டார். லாரியில் இருந்த பெண்களுக்குக் கேட்கக்கூடாது என்பது போல.

"உள்பக்கம் தாப்பா கீதா?"

"கீது அண்ணாத்தே. நானே உள்ள போய்ப் போட்டுப் பாத்தேன்."

"வெளில இருந்து தள்ளிப் பாத்தியா?"

"செல்வி தள்ளிப் பாத்தா. தொறக்கல."

"அப்ப சரி," என்றார். "வண்டிய எடுக்கச் சொல்லு."